பெறுநர் இல்லாத மனு

திங்கள்கிழமை காலையில் தமிழ்நாட்டின் எந்த மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்குப் போனாலும் ஒரே காட்சிதான் கண்ணில் படும். மஞ்சள் பைக்குள் பழைய ரசீதுகளையும் நகல்களையும் மடித்து வைத்துக்கொண்டு வரிசையில் நிற்பவர்கள். வாசலோரம் அட்டையை மடியில் வைத்து மனு எழுதிக் கொடுப்பவர்கள். குறைதீர் கூட்டம் தொடங்கிவிட்டதா என்று எட்டிப் பார்ப்பவர்கள். மனுவின் வடிவம் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். மேலே அனுப்புநர், அதற்குக் கீழே பெறுநர், பிறகு பொருள், கடைசியில் கையொப்பம் அல்லது இடது பெருவிரல் ரேகை. இதில் கனமான வரி பெறுநர்தான். நம் கேள்விக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்ட ஒருவர், ஒரு பதவியில், ஒரு முகவரியில் இருக்கிறார் என்று நம்பினால்தான் அந்த வரியை எழுத முடியும். அரசு என்பது எட்டாத உயரத்தில் இருக்கும் ஒன்று என்ற எண்ணத்தைச் சாதாரண மக்களின் மனத்திலிருந்து கொஞ்சமாவது அகற்றியது அந்த ஒரு வரி.

கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் அரசின் வாசல்கள் ஒவ்வொன்றாகத் திரைக்குள் போய்விட்டன. வருமானச் சான்று, சாதிச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று எல்லாம் இ-சேவை மையம் வழியாக வருகின்றன. பட்டா மாறுதலுக்கு இணையத்தில் விண்ணப்பிக்கிறோம். ரேஷன் அரிசிக்கு விரல் ரேகை, ஓய்வூதியருக்கு முகப்பதிவு, மற்ற எல்லாவற்றுக்கும் கைபேசிக்கு வரும் ஓடிபி. இந்த மாற்றம் வந்திருக்கவே கூடாது என்று வாதிடுவது வீண். ஆனால், இந்த மாற்றத்துக்குள் ஒரு பெரிய இழப்பு ஓசையில்லாமல் நடந்துகொண்டிருக்கிறது. திரை நமக்கு ஒன்றைக் கொடுக்கும்போது சிக்கல் இல்லை. அது மறுக்கும்போது, ஏன் மறுத்தது என்று யாரிடம் கேட்பது? மனுவின் பெறுநர் இடத்தில் எந்தப் பெயரை எழுதுவது? இந்தக் கட்டுரை சொல்ல வருவது ஒன்றுதான்: ஒரு குடிமகனுக்கு அரசு தர வேண்டியதைத் 'தரலாம்' என்று சொல்லும் வேலையை இயந்திரத்திடம் தாராளமாக விடலாம், 'இல்லை' என்று சொல்லும் அதிகாரத்தை ஒருபோதும் இயந்திரத்திடம் விடக் கூடாது. மறுப்பு என்பது பெயரும் பதவியும் உள்ள ஒரு மனிதரால், காரணம் எழுதி, கையொப்பமிட்டுச் செய்யப்பட வேண்டும்.

முதலில் நியாயமாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பழைய அலுவலகம் பொற்காலமாக இருக்கவில்லை. ஒரு சான்றிதழுக்காக ஐந்து நாள் கூலியை விட்டுவிட்டு அலைந்தவர்கள், கையெழுத்துக்குக் காசு கொடுத்தவர்கள், சாதி தெரிந்ததும் வாசலிலேயே நிறுத்தப்பட்டவர்கள் இங்கே கோடிக்கணக்கில் உண்டு. போலி அட்டைகளின் பெயரில் அரிசி கடத்தப்பட்டதும், இறந்தவர் பெயரில் உதவித்தொகை வாங்கப்பட்டதும் உண்மை. முகம் பார்க்காத இயந்திரம், முகம் பார்த்து ஒதுக்கிய மனிதரைவிடப் பலருக்குக் கண்ணியமாக இருந்திருக்கிறது. 2016-இல் தொடங்கிய யுபிஐ, தள்ளுவண்டிக்காரரையும் பெரிய கடைக்காரரையும் ஒரே முறையில் பணம் பெற வைத்தது. எனவே, 'மனிதர் நல்லவர், இயந்திரம் கெட்டது' என்ற எளிய பிரிவினை இங்கே உதவாது. கேள்வி மறுப்பைப் பற்றியது. மறுக்கப்பட்டவருக்கு எஞ்சியிருக்கும் வழியைப் பற்றியது.

இதை மிக அருகில் பார்க்க வேண்டுமானால் ரேஷன் கடைதான் சரியான இடம். தமிழ்நாட்டில் 2017-இல் பழைய குடும்ப அட்டைகள் ஸ்மார்ட் அட்டைகளாக மாறின. 2020 அக்டோபரில் 'ஒரே நாடு ஒரே ரேஷன்' திட்டத்தோடு ஆதார் வழியான விரல் ரேகைச் சரிபார்ப்பும் வந்தது. கடையில் விற்பனையாளர் பி.ஓ.எஸ். கருவியை முன்னால் நகர்த்துகிறார். வயதான பெண் ஒருவர் விரலை வைக்கிறார். ரேகை விழவில்லை. முந்தானையில் துடைத்துவிட்டு மறுபடி வைக்கிறார். 'வேற விரல் வைங்கம்மா' என்கிறார் விற்பனையாளர். பத்து விரலும் முடிகிறது. அல்லது விரல் சரியாக இருந்தும் சர்வர் இல்லை. 'நாளைக்கு வந்து பாருங்க.' நாற்று நட்ட கை, உப்பளத்தில் வாரிய கை, செங்கல் அறுத்த கை, வெளுக்கும் சோடாவில் ஊறிய கை என எந்தக் கையில் உழைப்பு அதிகமோ அந்தக் கையில்தான் ரேகை முதலில் தேய்கிறது. விலையில்லா அரிசி யாருக்கு மிகவும் தேவையோ அவரைத்தான் கருவி அடையாளம் காண மறுக்கிறது. மனுவின் அடியில் வைத்த அதே பெருவிரல், ஒரு காலத்தில் கேட்கும் உரிமையின் முத்திரையாக இருந்தது. இன்று அதே விரல் மறுப்பதற்கான காரணமாகிவிட்டது.

இது அரிதாக நடக்கும் விபத்து என்று ஒதுக்கிவிட முடியாது. 2018 மார்ச்சில் ஆதார் வழக்கின்போது தனித்துவ அடையாள ஆணையமே உச்ச நீதிமன்றத்தின் முன் வைத்த விவரத்தின்படி, அரசுச் சேவைகளுக்கான சரிபார்ப்பில் வெற்றி விகிதம் 88 விழுக்காடு. சரிபார்ப்புத் தோற்றால் சேவை மறுக்கப்பட்டதாக அர்த்தம் இல்லை, மாற்று வழிகள் உண்டு என்றும் ஆணையம் சொன்னது. அதே ஆண்டு செப்டம்பர் 26 அன்று வந்த பெரும்பான்மைத் தீர்ப்பும், தகுதியுள்ள எவரும் சரிபார்ப்புத் தோல்வியால் உரிமையை இழக்கக் கூடாது என்ற நிலையை ஏற்றுக்கொண்டுதான் நலத்திட்டங்களில் ஆதாரை அனுமதித்தது. சட்டத்தில் பாதுகாப்பு இருக்கிறது. தமிழ்நாட்டில் கருவிழிப் பதிவும், வர முடியாதவருக்குப் பதிலாக வேறொருவர் வாங்கும் வசதியும் இருக்கின்றன. ஆனால், அந்தப் பாதுகாப்பைக் கடை வாசலில் நிற்பவர் எப்படிக் கோரிப் பெறுவார்? கருவியில் மறுப்பு வந்த நொடியில் அவர் கையில் ஒரு தாள்கூட இல்லை. வாங்கிய பொருளுக்கு உடனே குறுஞ்செய்தி வருகிறது. வாங்க முடியாமல் திரும்பியதற்கு எந்தச் செய்தியும் வருவதில்லை. கொடுத்ததற்குச் சான்று இருக்கிறது, மறுத்ததற்குச் சான்று இல்லை. சான்று இல்லாத மறுப்பை எந்த நீதிமன்றத்துக்கும் எடுத்துச் செல்ல முடியாது.

மறுக்கும் அதிகாரத்தை இயந்திரத்துக்குக் கொடுப்பதும் கொடுக்காமல் இருப்பதும் எவ்வளவு வேறுபட்ட விளைவுகளைத் தரும் என்பதற்கு நம் நாட்டிலேயே தெளிவான ஆதாரம் இருக்கிறது. பொருளாதார அறிஞர்கள் கார்த்திக் முரளிதரன், பால் நீஹாஸ், சந்தீப் சுக்தங்கர் மூவரும் இரண்டு மாநிலங்களில் இதை ஆராய்ந்தார்கள். பிரிக்கப்படாத ஆந்திரப் பிரதேசத்தில் நூறு நாள் வேலைக் கூலிக்கும் ஓய்வூதியத்துக்கும் விரல் ரேகையுள்ள ஸ்மார்ட் அட்டை வந்தபோது பணம் சீக்கிரம் கிடைத்தது, நேர விரயம் குறைந்தது, கசிவும் குறைந்தது. அங்கே அட்டை கட்டாயமாக்கப்படவில்லை. அட்டை இல்லாதவருக்கும் ரேகை விழாதவருக்கும் பணம் நிற்கவில்லை. ஜார்க்கண்டில் ரேஷனுக்கு ஆதார் ரேகை கட்டாயமாக்கப்பட்டது. அந்த நடவடிக்கை மட்டும் கசிவை அளவிடத்தக்க வகையில் குறைக்கவில்லை. மக்களுக்கு அலைச்சலைச் சற்றே கூட்டியது. முன்னரே ஆதார் எண்ணை இணைத்திராத 23 விழுக்காட்டினர் பெற்ற பயனில் 10 விழுக்காடு குறைந்தது. பிறகு, கருவியில் பதிவான கணக்கின்படியே கடைகளுக்கு ஒதுக்கீடு என்று ஆக்கியபோது கசிவு பெருமளவு குறைந்தது. கூடவே மக்களுக்குக் கிடைத்த பொருளும் குறிப்பிடத்தக்க அளவு குறைந்தது. ஆந்திரத்தில் கருவி கதவைத் திறக்கும் சாவியாக இருந்தது. ஜார்க்கண்டில் அதே கருவி பூட்டாகவும் ஆனது. திட்டமும் காலமும் வேறு என்றாலும், இந்த வேறுபாட்டை நலத்திட்டம் தீட்டுபவர்கள் மறக்கவே கூடாது.

கடை வாசலில் வரும் மறுப்பையாவது கண்ணால் பார்க்க முடிகிறது. தரவுகளை ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்து, தகுதியற்றவர் என்று மென்பொருள் தீர்மானிக்கும் மறுப்பு யார் கண்ணிலும் படாது. தெலங்கானாவில் சுமார் 19 லட்சம் குடும்ப அட்டைகள் நீக்கப்பட்டிருந்தன. முறையான முன்னறிவிப்போ நேரடி விசாரணையோ இல்லை என்ற புகார் உச்ச நீதிமன்றம் வரை போனது. களத்துக்குச் சென்று மீண்டும் சரிபார்க்கும்படி 2022-இல் நீதிமன்றம் உத்தரவிட்டது. தன் பெயர் எந்தக் கணினியில், எந்த விதியின்படி, எந்த நாளில் அடிக்கப்பட்டது என்று ஒரு கூலித் தொழிலாளிக்கு எப்படித் தெரியும்? 'சிஸ்டத்துல வரலை' என்ற இரண்டு சொற்களுக்கு எதிராக அவர் என்ன எழுதுவார், யாருக்கு எழுதுவார்?

வளம் மிகுந்த, படிப்பறிவு நிறைந்த நாடுகளில் இது நடக்காது என்று எண்ண வேண்டாம். ஆஸ்திரேலியாவில் 2016 முதல் 'ரோபோடெட்' என்று பின்னாளில் அழைக்கப்பட்ட ஒரு திட்டம் நடந்தது. வருமான வரித்துறையிடம் இருந்த ஆண்டு வருமானத்தை எடுத்து, அதை 26 இருவாரங்களாகச் சமமாகப் பங்கிட்டு, உதவித்தொகை பெற்ற காலத்திலும் அந்த வருமானம் வந்ததாகக் கணக்கிட்டது மென்பொருள். கிடைத்தபோது மட்டும் வேலை செய்யும் இளைஞருக்கும் மாணவருக்கும் இந்தக் கணக்கு பொருந்தவே பொருந்தாது. நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாங்காத கடனுக்குக் கடனாளி ஆக்கப்பட்டார்கள். தொடக்கத்தில் அனுப்பிய கடிதங்களில், இதற்கென்றே இருந்த உதவி எண்ணைக்கூட அச்சிடவில்லை என்று அந்நாட்டின் குறைதீர்ப்பாளர் 2017-இல் சுட்டிக்காட்டினார். அனுப்புநர் மட்டும் உண்டு, பேசுவதற்கு ஆள் இல்லை. இப்படிக் கடன் சுமத்தியது சட்டப்படி செல்லாது என்று 2019-இல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொள்ளப்பட்டது. 2023-இல் அரச விசாரணை ஆணையம் முழுக் கதையையும் பதிவுசெய்தது. பிரிட்டனில் அஞ்சல் துறையின் 'ஹொரைசன்' கணக்கு மென்பொருள் பொய்யான பற்றாக்குறைகளைக் காட்டிய காலத்தில், 1999 முதல் 2015 வரை 900-க்கும் மேற்பட்ட துணை அஞ்சலக நடத்துநர்கள் தண்டிக்கப்பட்டார்கள். கணினி சரியாகவே வேலை செய்கிறது என்று முன்கூட்டியே எடுத்துக்கொள்ளும் சட்ட மரபு அங்கே இருந்தது. உதவி கேட்டு அழைத்தவர்கள் பலரிடம், 'உங்களுக்கு மட்டும்தான் இந்தப் பிரச்சினை' என்ற பொருளில் பதில் தரப்பட்டது. அவர்களை மொத்தமாக விடுவிக்க 2024-இல் தனிச் சட்டமே தேவைப்பட்டது.

'உங்களுக்கு மட்டும்தான்' என்ற அந்தப் பதிலில்தான் குடிமை வாழ்வுக்கு நேர்ந்திருக்கும் ஆழமான காயம் இருக்கிறது. பழைய வரிசைக்குப் பல குறைகள் உண்டு. ஆனால், வரிசையில் நிற்பவர்கள் ஒருவருக்கொருவர் சாட்சியாக இருந்தார்கள். ஒரு மூதாட்டியைத் திருப்பி அனுப்பினால், 'ஏம்பா, அந்தம்மாவை உனக்குத் தெரியாதா? முப்பது வருஷமா இந்தத் தெருவுலதான இருக்காங்க' என்று கேட்க ஒரு குரல் பின்னாலிருந்து எழும். அக்கம்பக்கத்தின் அந்த அறிவுக்கு இன்று மதிப்பில்லை. விற்பனையாளருக்கு அவரை நன்றாகத் தெரியும். தெரிந்தாலும் கருவி ஒப்புக்கொள்ளாமல் எடை போட முடியாது. திட்டு வாங்குபவர் விற்பனையாளர், முடிவெடுத்தவர் அவரல்ல. இதனால் இருபுறமும் கண்ணியம் குறைகிறது. திரையில் வரும் மறுப்பு தனியறையில் வரும் மறுப்பு. பக்கத்து வீட்டுக்காரருக்கும் அதே மறுப்பு வந்திருப்பது தெரியாததால், அது பொதுப் பிரச்சினையாக உருவெடுப்பதில்லை. நம் ஊர்களில் குடிநீருக்கும் சாலைக்கும் பள்ளிக்கும் நடந்த போராட்டங்கள் எல்லாம், 'எனக்கும் அப்படித்தான்' என்று ஒருவர் இன்னொருவரிடம் சொன்ன இடத்தில்தான் தொடங்கின.

மறுக்கும் அதிகாரம் மனிதரிடம் இருக்க வேண்டும் என்பதற்கு வரும் எதிர்வாதங்களை எளிதாகத் தள்ளிவிடக் கூடாது. முதலாவது: மனிதரிடம் அதிகாரத்தைத் திருப்பிக் கொடுத்தால் லஞ்சமும் பாகுபாடும் திரும்பி வரும். கவலை நியாயமானது. ஆனால், இங்கே கேட்பது பழைய எல்லையற்ற அதிகாரத்தை அல்ல. கருவி ஏற்றவரைத் தடுக்கும் உரிமை எந்த அலுவலருக்கும் வேண்டாம். கருவி ஏற்காதவருக்குக் கொடுக்கவோ, காரணம் எழுதி மறுக்கவோ மட்டுமே உரிமை வேண்டும். ஒவ்வொன்றும் பதிவாகும், பிறகு தணிக்கைக்கு வரும். மேலும், இயந்திரம் ஏமாற்றைத் தானாக ஒழித்துவிடும் என்ற நம்பிக்கையும் அனுபவத்தில் நிற்கவில்லை. நூறு நாள் வேலைத் தளங்களில் 2023 ஜனவரி முதல் நாளுக்கு இருமுறை செயலியில் புகைப்பட வருகைப்பதிவு கட்டாயமானது. படத்தையே படம் பிடித்துப் பதிவேற்றுவதும், வேலைக்குச் சம்பந்தமில்லாத படங்களைப் போடுவதும் நடக்கின்றன என்று 2025 ஜூலையில் ஒன்றிய ஊரக வளர்ச்சித் துறையே மாநிலங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்ப நேர்ந்தது. ஏமாற்றுபவர் கருவியைப் பழகிக்கொள்கிறார். நேர்மையாக மண் சுமந்தவர் சிக்னல் இல்லாததால் கூலியை இழக்கிறார்.

இரண்டாவது வாதம்: எந்த முறையிலும் ஓரிரு விழுக்காடு பிழை இருக்கத்தான் செய்யும். தமிழ்நாட்டில் சுமார் 2.2 கோடி குடும்ப அட்டைகள் இருக்கின்றன. ஒரு விழுக்காடு என்றால் 2.2 லட்சம் குடும்பங்கள். நூறில் ஒன்று என்று சொல்லும்போது சிறிதாகத் தெரிவது, ஒரு பெரிய நகரத்தின் மக்கள்தொகை அளவுக்கு வந்து நிற்கிறது. அந்தப் பிழையும் எல்லார் மேலும் சமமாக விழுவதில்லை. முதியவர், தனித்து வாழ்பவர், மாற்றுத்திறனாளி, கையால் உழைப்பவர் மேல்தான் திரும்பத் திரும்ப விழுகிறது. மூன்றாவது வாதம்: தலைமுறை மாறினால் எல்லாம் சரியாகிவிடும். கைபேசியில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கும் ஒருநாள் முதுமை வரும், ரேகை தேயும், பார்வை மங்கும். அன்று வேறு ஏதோ ஒரு கருவி அவர்களை அடையாளம் காண மறுக்கும். நான்காவது வாதம்: இத்தனை பேருக்குப் பதில் சொல்ல ஆள் எங்கே, செலவு யார் ஏற்பது? நூறில் தொண்ணூறு பேரின் வேலையை இயந்திரம் முடித்துவிடுகிறது என்றால், மிச்சமான ஊழியர் நேரத்தை மீதிப் பத்துப் பேருக்குக் கொடுப்பதில் என்ன தடை? தொழில்நுட்பத்தின் உண்மையான லாபம் அதுதான்.

அரசு நினைத்தால் மனிதரை முன்னால் நிறுத்த முடியும் என்பதற்கும் சான்று இருக்கிறது. 2025 ஆகஸ்டில் தமிழ்நாட்டில் தொடங்கிய தாயுமானவர் திட்டத்தில், முதியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் ரேஷன் பொருள் வீட்டு வாசலுக்கே போகிறது. தராசும் கருவியும் வாகனத்தில் ஏறி மக்களைத் தேடிப் போகின்றன. கருவியைத் தூக்கி எறியாமலேயே அதை மனிதருக்குக் கீழே வைக்கலாம் என்று இது காட்டுகிறது. சட்ட மரபிலும் நமக்கு நல்ல தொடக்கம் உண்டு. தகவல் உரிமைக்கு நாட்டிலேயே முதலில், 1997-இல் சட்டம் இயற்றிய மாநிலம் தமிழ்நாடு. 2005-இன் தேசியச் சட்டத்தில் பிரிவு 4(1)(ஈ), நிர்வாக முடிவால் பாதிக்கப்படுபவருக்கு அதன் காரணத்தைத் தெரிவிப்பது அரசு அமைப்பின் கடமை என்கிறது. அவர் கேட்டால்தான் என்று சொல்லவில்லை. தானாகவே தெரிவிக்க வேண்டும். கணினி எடுத்த முடிவுக்கு இதிலிருந்து விலக்கு எதுவும் இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 முதல் நடைமுறையில் உள்ள தரவுப் பாதுகாப்புச் சட்டம், கணினி மட்டுமே எடுத்த முடிவில் மனிதர் தலையிடக் கோரும் உரிமையைத் தருகிறது. நம் நாட்டின் 2023-ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுச் சட்டத்தில் அப்படி ஓர் உரிமை இல்லை. இந்தக் குறையை நாடாளுமன்றம் நிரப்பும்வரை மாநிலங்கள் கைகட்டிக் காத்திருக்க வேண்டியதில்லை. சேவை பெறும் உரிமைக்கு 2010-இல் மத்தியப் பிரதேசமும் அடுத்தடுத்து வேறு பல மாநிலங்களும் சட்டம் இயற்றின. அந்தக் கோரிக்கை இங்கேயும் நெடுங்காலமாக எழுப்பப்படுகிறது. அத்தகைய சட்டத்தின் மையத்தில் மறுப்புக்கான விதியை வைக்க வேண்டும்.

அந்த விதி சிக்கலானதாக இருக்க வேண்டியதில்லை. ரேகை விழாவிட்டாலும் சர்வர் நின்றாலும், அட்டையோடு வந்தவருக்கு முதலில் பொருளைக் கொடுத்துவிட்டுப் பிறகு சரிபார்க்கட்டும். பொய் என்று தெரிந்தால் அடுத்த மாதம் நிறுத்தலாம், பட்டினி கிடந்த மாதத்தைத் திருப்பித் தர முடியாது. பட்டியலிலிருந்து யாரையும் நீக்கும் முன் அறிவிப்பும் நேரடி விசாரணையும் நடக்கட்டும். ஒவ்வொரு கடையிலும், ஒவ்வொரு இ-சேவை மையத்திலும் அந்த மாதம் எத்தனை பேர் திரும்பிப் போனார்கள் என்பதை, பொருள் இருப்பு எழுதும் பலகையிலேயே எழுதி வைக்கட்டும். 'எனக்கு மட்டும்தானோ' என்று தயங்குபவர் அதைப் படித்துத் தெரிந்துகொள்வார். எல்லாவற்றுக்கும் மேலாக, எந்த மறுப்பும் சீட்டு இல்லாமல் நடக்கக் கூடாது. விற்றதற்கு ரசீது போடத் தெரிந்த கருவிக்கு, மறுத்ததற்கும் ஒரு சீட்டு போடக் கற்றுக்கொடுப்பது பெரிய வித்தை அல்ல. என்ன கேட்டார், ஏன் கிடைக்கவில்லை, எந்த நாளுக்குள் தீர்வு, யார் பொறுப்பு என்ற நான்கு வரிகள் தமிழில் போதும். அந்த நான்காவது வரியில் ஓர் அலுவலரின் பெயரும் பதவியும் இருந்தால், மஞ்சள் பைக்குள் அந்தச் சீட்டை மடித்து வைத்துக்கொண்டு, அடுத்த திங்கள்கிழமை அந்த வயதான பெண் ஆட்சியர் அலுவலக வாசலுக்குப் போவார். மனு எழுதுபவர் வழக்கம்போல் கேட்பார், 'பெறுநர் யாரும்மா?' என்று. அவர் சீட்டை நீட்டிக் காட்டுவார்.